கல்லூரிப் பணியாளரின் கல்விக்கொடை – ஒரு பார்வை

தேர்வுக் கட்டணம் செலுத்துதற்குரிய இறுதி நாளன்று, பிற்பகல் மூன்று மணிக்கு மேல், துறையின் வாயிலில் ஒரு மாணவர் வந்து நிற்பார். உள்ளே வரத் தயங்குவார். "என்னப்பா?" என வினவினால், "ஒன்றும் இல்லை ஐயா" என்பார். அந்த 'ஒன்றும் இல்லை' என்பதன் பொருளைக் கல்லூரியில் சில ஆண்டுகள் பணியாற்றியோர் யாவரும் அறிவர். அடுத்த சில நிமிடங்களில் ஒருவர் சட்டைப்பையைத் தடவுவார். மற்றொருவர் மேசை இழுப்பறையைத் திறப்பார். தண்ணீர்க் குடம் எடுத்துவந்த அலுவலக உதவியாளரும் தம் பங்காக ஒரு தாளை நீட்டுவார். கட்டணம் செலுத்தப்பெறும். மாணவர் தேர்வெழுதுவார். எந்த ஆண்டறிக்கையிலும் இது இடம்பெறுவதில்லை.

கல்லூரிகளை நிறுவிய வள்ளல்களைப் பற்றி நாம் மிகுதியாக எழுதியுள்ளோம். அது நன்றிக்கடன், எழுதத்தான் வேண்டும். ஆயின், அவ்வள்ளல்கள் எழுப்பிய கட்டடத்துள் மாத ஊதியம் பெற்று வாழ்வோர், அவ்வூதியத்தினின்றே மாணவர்க்கு ஈந்துவரும் கொடையைக் குறித்து எழுதப்பட்டவை மிகக் குறைவு. அதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈகையா? ஒப்புரவா?

திருவள்ளுவர் ஒப்புரவறிதல், ஈகை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே. எனினும் அவை ஒன்றல்ல. ஈகை, இல்லாதார்க்கு இருப்பவர் கொடுப்பது. அதில் கொடுப்பவர் மேலும் பெறுபவர் கீழும் நிற்கக் காண்கிறோம். ஒப்புரவு, ஓரிடத்தில் கூடி வாழ்வோர் தம்முள் ஆற்றிக்கொள்ளும் கடமை. ஒப்புரவாளனின் செல்வத்திற்கு வள்ளுவர் காட்டும் உவமைகள் மூன்று: ஊருணியில் நிறைந்த நீர், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். ஊருணியில் நீர் முகப்பவரை யார், எவ்வூர், என்ன வருமானம் என்று எவரும் வினவுவதில்லை என்பதை ஈண்டுக் கருதவேண்டும். அதே அதிகாரத்தில், கடமை அறிந்தோர் செல்வம் சுருங்கிய காலத்தும் ஒப்புரவுக்குத் தளரமாட்டார் என்ற கருத்தும் வருகின்றது. மாதக் கடைசியில் கொடுக்கும் சம்பளக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான குறள் வேறில்லை எனலாம். ஆகவே, கல்லூரிப் பணியாளர் செய்வதை ஈகை என்பதினும் ஒப்புரவு என்பதே தகும் என்பது நம் துணிபு. பெயரில் என்ன இருக்கிறது எனச் சிலர் கேட்கக்கூடும். கொடுக்கும் முறை அப்பெயரைப் பொறுத்தே அமைகின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பழைய நூல்களில் இக்கொடையின் திசை வேறாக இருந்தது. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய புறநானூற்றின் 183ஆம் பாடல், ஆசிரியர்க்கு இடுக்கண் நேர்ந்தவிடத்து உதவியும், மிக்க பொருள் கொடுத்தும் கற்கவேண்டும் என மாணவர்க்கு அறிவுறுத்துகின்றது. அங்குக் கொடுப்பவர் மாணவர், பெறுபவர் ஆசிரியர். பவணந்தி முனிவரும் நன்னூலின் பாயிரத்தில், பாடம் கேட்டற்குரியார் யாவர் எனப் பட்டியலிடுகையில், தன் மகன், ஆசிரியர் மகன், அரசன் மகன் ஆகியோரை அடுத்துப் பொருளை மிகுதியாகக் கொடுப்பவனைச் சேர்க்கின்றார். நல்லவேளையாக அவர் அத்துடன் நிறுத்தவில்லை. வழிபடுவோனையும், சொன்னதை விரைந்து கொள்ளும் ஆற்றலுடையோனையும் அப்பட்டியலில் வைத்தார். ஏழை மாணவர் தமிழ் கற்க நுழைந்த வாயில் இவ்விரண்டே.

கல்வெட்டுகளை நோக்கின், முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்த ஒரு கல்விச்சாலைக்கு விடப்பட்ட நிலத்தையும் நெல்லளவையும் விரிவாகச் சொல்கின்றது. அது வேதக்கல்விக்கு உரிய சாலை; எல்லார்க்கும் திறந்த வாயில் அன்று. நம் பொருளுக்கு வேண்டுவது ஒன்றே. அங்கும் ஆசிரியர் பெறுவோர் வரிசையிலேயே உள்ளனர். கொடுப்போர் வரிசையில் இல்லை.

திசை மாறிய இடம்

இத்திசை மாறியதைத் தெளிவாகக் காட்டும் வாழ்வு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அவர்களுடையது. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் வாழ்ந்த அப்பெரும்புலவர், தம்மிடம் பயின்ற மாணவர் பலரைத் தம் வீட்டிலேயே உண்பித்தார். நூல் பாடிக் கிடைத்த பரிசில் வந்த வேகத்தில் செலவழிந்தது. கடன் அவரை விட்டு நீங்கவே இல்லை. அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் எழுதிய ஆசிரியர் வரலாற்றைப் படிப்போர்க்கு, அவ்வறுமையும் அவ்வூணும் ஒரே வீட்டில் இருந்தமை நன்கு புலனாகும். சமயம் குறுக்கே நின்றதில்லை. நாகூர்க் குலாம் காதிறு நாவலரும், கிறித்தவரான சவராயலு நாயகரும் அவரிடம் பாடம் கேட்டவர்களே. சைவ மடத்துப் புலவரிடம் இசுலாமியப் புலவர் ஒருவர் பாடம் கேட்டமை தமிழ்த்துறையினராகிய நாம் நினைத்து மகிழ்தற்குரியது.

பிள்ளையவர்கள் கொடுத்தது தனியொருவரின் இயல்பால். ஊதியம் பெறும் பேராசிரியர் ஒருவர், கணக்கும் விதியும் உள்ள ஒரு நிறுவனத்துள் நின்று கொடுத்ததற்குச் சான்றாக வங்கத்து வேதியியலறிஞர் பிரபுல்ல சந்திர ராய் அவர்களைக் காட்டலாம். மாநிலக் கல்லூரியில் 1889 முதல் பணியாற்றி, 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்த அவர், 1921இல் தமக்கு அறுபது அகவை நிறைந்தபோது, இனித் தாம் பெறவிருக்கும் ஊதியம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கும் இரண்டு ஆய்வு உதவித்தொகைகளுக்குமாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார். அதன்பின் 1936 வரை பணியாற்றினார். பதினைந்து ஆண்டுகள் அவர் கற்பித்தது கூலியில்லாக் கற்பித்தல் எனலாம். திருமணம் செய்துகொள்ளாதவர், கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் தங்கியவர். 1922இல் வட வங்கத்தில் வெள்ளம் பெருகியபோது துயர்துடைப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. உதவித்தொகை, அவசர உதவி ஆகிய இரண்டும் ஒருவரிடத்தே கூடியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஜாமியாவின் ஆசிரியர்கள்

தனி மனிதரைவிட்டு, ஒரு கல்விநிலையத்தின் ஆசிரியர் அனைவரும் கூடிக் கொடுத்த வரலாறு உண்டா எனின், உண்டு. அதனைச் சற்று விரிவாகச் சொல்லுதல் வேண்டும்.

1920 அக்டோபர் 29 அன்று அலிகாரில் தோன்றிய ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஆங்கில அரசின் உதவிப்பணம் வேண்டா என்று பிறந்த நிறுவனம். 1925இல் அது தில்லியின் கரோல்பாகுக்கு இடம்பெயர்ந்தது. அதன் செலவைத் தம் தோளில் சுமந்து, செல்வரிடம் கேட்டுப் பெற்றுவந்தவர் வேந்தரான ஹகீம் அஜ்மல் கான் அவர்கள். 1927 திசம்பரில் அவர் மறைந்தார். பணம் வரும் வாயில் அடைபட்டது. செருமனியில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, முப்பது அகவை நிரம்புமுன்னரே துணைவேந்தர் பொறுப்பேற்றிருந்த டாக்டர் ஜாகிர் உசேன் முன் நின்றது ஒரே வினா: மூடுவதா, நடத்துவதா?

மூடிவிடலாம் என்ற கருத்தும் அன்று இல்லாமல் இல்லை. ஆனால், 1928இல் ஜாகிர் உசேன், ஆபித் உசேன், முகம்மது முஜீப் உள்ளிட்ட ஆசிரியர்கள் ஒரு கல்விக் கழகமாகக் கூடி உறுதிமொழி எழுதினர். இருபது ஆண்டுகள் இங்கேயே பணியாற்றுவோம். மாதம் நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறோம் என்பது அவ்வுறுதிமொழி. நூற்றைம்பது என்பது மேல்வரம்பு. நடைமுறையில் அவர்கள் பெற்றது அதனினும் குறைவு. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பயின்று வந்தவர்கள் அவர்கள்; அரசுக் கல்லூரிகளில் இதனைப் போலப் பன்மடங்கு பெற்றிருத்தல் கூடும்.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் எவர் கையிலும் பணத்தை எடுத்துக் கொடுக்கவில்லை. தமக்கு வரவேண்டியதை வாங்காமல் விட்டனர். அவர்கள் வாங்காமல் விட்ட பணமே வகுப்பறை விளக்காகவும் விடுதிச் சோறாகவும் மாறிற்று. இதனைப் பெறுவோர் அறியார். எனவே நாணவும் வேண்டியதில்லை. பின்னர், பொதுமக்களிடம் சிறுசிறு தொகை திரட்டுதற்கு 'ஹம்தர்தானே ஜாமியா' என்ற ஆதரவாளர் அமைப்பும் வளர்ந்தது. ஆசிரியர் தம் பங்கை முன்னரே கொடுத்துவிட்டமையால், பிறரிடம் சென்று கேட்க அவர்க்கு வாய் இருந்தது. ஓக்லாவில் புதிய கட்டடத்திற்கு 1935இல் அடிக்கல் நாட்டியபோது அரசரையோ செல்வரையோ அழைக்காமல், பள்ளியின் மிக இளைய மாணவனைக் கொண்டு நாட்டினர். ஜாகிர் உசேன் 1948 வரை அங்கேயே இருந்தார். 1967இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். நம் இளையான்குடியில் 1970இல் தோன்றிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்பது பலரும் அறிந்ததே. அப்பெயருக்குப் பின்னால் குறைத்துப் பெற்ற ஊதியத்தின் வரலாறு ஒன்று இருப்பதைத்தான் பலர் அறியார்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. 1885இல் பூனாவில் தொடங்கிய பெர்குசன் கல்லூரியைத் தக்காணக் கல்விக் கழகத்தின் ஆயுள் உறுப்பினரான ஆசிரியர்களே நடத்தினர். எழுபத்தைந்து ரூபாய் ஊதியத்தில் இருபதாண்டுப் பணி என்ற உறுதியோடு கோபாலகிருட்டிண கோகலே கற்பித்த இடம் அது. புகழ் அவர்க்கு அரசியலால் வந்தது. கணக்குப் பாடம் நடத்திய அவ்வாண்டுகள் நம் பாடநூல்களில் ஒரு வரியாகக் கழிகின்றன.

நம் நாட்டில் நம் காலத்தில் வாழ்ந்து காட்டியவர், திருவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் கலைக் கல்லூரியின் நூலகர் 'பாலம்' கலியாணசுந்தரம் அவர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் ஊதியத்தை ஏழை மாணவர்க்கும் எளியோர்க்குமே கொடுத்துவிட்டுத் தம் உணவுக்கு வேறு சிறு வேலைகள் செய்தவர். ஓய்வுபெற்ற பின் 'பாலம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2023இல் பத்மஸ்ரீ விருது அவரை அடைந்தது. அவர் பேராசிரியரும் அல்லர், முதல்வரும் அல்லர், நூலகர். கல்லூரிக் கொடையைப் பற்றி எழுதுவோர் ஆசிரியரோடு நின்றுவிடுதல் பெரும்பிழை என்பதற்கு இவர் வாழ்வே சான்று.

உதவித்தொகையும் அவசர உதவியும்

அரசின் உதவித்தொகைகள் இருக்கையில் இவையெல்லாம் எதற்கு என்ற வினா அவ்வப்போது எழுகின்றது. அரசு செய்வது சிறிதன்று. பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர்க்கு உரிய உதவித்தொகைகளால் படித்தவர் பல்லாயிரவர். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி கற்கும் மாணவியர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் அளிக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்குரிய தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பெற்றன. இத்தொகை பேருந்துக் கட்டணத்திற்கும் உணவிற்கும் எத்துணை உதவுகின்றது என்பதை வகுப்பில் நாம் நேரில் காண்கிறோம்.

ஆனால் உதவித்தொகை பார்ப்பது சென்ற ஆண்டின் வருமானச் சான்றிதழை. துன்பம் வருவது நேற்று இரவு. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. அத்தோப்புக்காரரின் பிள்ளைகள் சான்றிதழின்படி ஏழைகள் அல்லர். தென்னங்கன்று நட்டுக் காய் காணப் பல ஆண்டுகள் செல்லும். மகனின் பருவத் தேர்வோ சில கிழமைகளில் வந்துவிடும். இவர்க்கு எந்தத் திட்டத்தில் விண்ணப்பிப்பது? 2020இல் பெருந்தொற்றால் கல்லூரிகள் அடைக்கப்பட்டு வகுப்புகள் கைப்பேசிக்குள் புகுந்தபோதும் இதே நிலைதான். அண்ணன், தங்கை, தம்பி மூவர்க்கும் ஒரே கைப்பேசி. அதில் இணையத்துக்குப் பணம் ஏற்ற வழியில்லாத மாணவர்க்கு அதனைச் செய்தவர்கள் வகுப்பாசிரியர்களே. தொகை முந்நூறு, நானூறு ரூபாய்தான். படிவம் வேண்டாத, அன்றே கிடைக்கக்கூடிய பணம் அது ஒன்றே.

எனவே உதவித்தொகைக்கும் அவசர உதவிக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும் என்பது நம் பட்டறிவு. முன்னது ஆண்டுக்கு ஒருமுறை, ஆய்ந்து, தகுதி நோக்கிக் கொடுப்பது. வைப்புநிதியின் வட்டியில்லா வருவாயிலோ ஆண்டுச் சந்தாவிலோ நடப்பது. பின்னது கையிருப்பில் இருக்கவேண்டிய பணம். இரண்டையும் ஒரே பெட்டியில் இட்டால், ஆனித் திங்களில் சேர்க்கைக் கட்டணத்திற்கே யாவும் தீர்ந்து, கார்த்திகை மழையில் வீடு இழந்தவர் வரும்போது பெட்டி வெறுமையாக இருக்கும்.

நம்மைப் போன்ற கல்லூரிகளில் மற்றொரு பிரிவும் தேவை. ஜகாத் என்னும் கடமைக்கொடை இரண்டரை விழுக்காடு. திருமறை குறித்த எட்டு வகையினர்க்கு உரியது. அதன் விதிகள் தெளிவானவை. அதனை முசுலிம் அல்லாதார்க்கு வழங்குதல் பற்றிச் சட்ட அறிஞருள் பெரும்பான்மையோர் இசைவதில்லை. சதகா என்னும் விருப்பக்கொடைக்கு அவ்வரையறை இல்லை. அது யாவர்க்கும் ஆகும். நம் மாணவருள் எல்லாச் சமயத்தவரும் உள்ளனர். கொடுக்கும் பணியாளருள்ளும் எல்லாச் சமயத்தவரும் உள்ளனர். ஆதலின் ஜகாத் பணத்தைத் தனியே வைத்து உரியவர்க்கு அளிப்பதும், பொது உதவிப்பணத்தைப் பெயரும் சமயமும் கேளாது அளிப்பதுமே நேர்மை. இரண்டையும் கலந்துவிட்டுப் பின்னர் விளக்கம் சொல்லித் திண்டாடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

கொடுக்கும் முறை குறித்துச் சில சொல்லவேண்டும். ஊதியத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்துகொள்ள எழுத்து மூலம் இசைவளிப்பது எளிய வழி. நூறு ரூபாய் ஆயினும் பன்னிரண்டு மாதமும் தவறாது வரும். ஆனால் இசைவு இசைவாகவே இருத்தல் வேண்டும். ஓராண்டில் ஆளுக்கு இவ்வளவு என்று சுற்றறிக்கை விடுத்தார்கள். அவ்வாண்டு பணம் கூடியது உண்மை. மறு ஆண்டில், முன்னர் மகிழ்ந்து கொடுத்தோரும் ரசீது கேட்டனர், கணக்கு கேட்டனர், பிறகு நிறுத்திக்கொண்டனர். உதவிபெறும் பிரிவில் முழு ஊதியம் பெறுவோரையும், சுயநிதிப் பிரிவில் அதில் சிறு பகுதியே பெறும் இளம் ஆசிரியரையும் ஒரே அளவுகோலால் அளந்தது அச்சுற்றறிக்கையின் குறை. வருமான வரியின் 80ஜி பிரிவைச் சொல்லி ஊக்குவிப்போரும் உளர். பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கே அச்சலுகை. அலுவலக உதவியாளருக்கு அப்பேச்சால் யாதொரு பயனும் இல்லை. அவர்தான் முதலில் கொடுக்கிறார் என்பது வேறு செய்தி.

இனி நம் பிழையையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகட்கு முன், பணியாளர் திரட்டிய பணத்தை ஒரு விழாவில் வழங்கினோம். மேடையில் நாற்காலிகள், பொன்னாடை, படம் எடுப்பவர் எல்லாம் இருந்தன. பெயர் படிக்கப் படிக்க மாணவர் ஒவ்வொருவராக வந்து உறையைப் பெற்றனர். தந்தையை இழந்த மாணவர் ஒருவர் பெயர் இருமுறை அழைக்கப்பட்டும் எழவில்லை. மூன்றாம் முறை வகுப்புத்தோழர்கள் அவரைத் தள்ளி எழுப்பினர். வந்தார், வாங்கினார், படத்திற்கு நின்றார். அடுத்த நாள் முதல் பதினொரு நாள் வகுப்புக்கு வரவில்லை. அவர் வீடு தேடிச் சென்ற நம் துறை ஆசிரியரிடம் அவருடைய தாயார் சொன்னது: "பணம் கொடுத்தீங்க, நல்லா இருப்பீங்க. ஊருக்கே காட்டணுமா ஐயா?" அவ்வுறை பிரிக்கப்படாமல் அலமாரியின்மேல் இருந்தது.

ஒப்புரவு என்று தொடங்கி, ஈகையாக நடத்தி, அதனையும் விழாவாக்கியிருந்தோம். ஊருணிக் கரையில் நின்று, நீர் முகப்பவரைப் படம் எடுத்தது போன்றது அது.

அதன்பின் நம் துறையில் முறையை மாற்றினோம். மேடை இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை. மாணவர் தமக்கு நெருங்கிய ஒரே ஓர் ஆசிரியரிடம் சொன்னால் போதும். அவ்வாசிரியரின் சொல்லே சான்றிதழ். குறித்த வரம்புக்கு உட்பட்ட தொகையாயின் அன்றே, தேர்வுப் பிரிவிலோ விடுதியிலோ நேரடியாகச் செலுத்தப்பெறும். கணக்கேட்டில் தேதியும், தொகையும், காரணமும் மட்டும் எழுதப்பெறும். ஆண்டிறுதியில் இருவர் தணிக்கை செய்வர். கொடுத்தோர் பெயரும் அதில் இல்லை. ஏமாற்றுவோர்க்கு இது வாய்ப்பாகாதா என மூத்தோர் ஒருவர் கேட்டார். ஆகும், இரண்டு முறை ஆயிற்று. அவ்விரண்டு தொகையையும் கூட்டினால், அன்றைய விழாவின் பொன்னாடைச் செலவுக்கும் குறைவு.

அந்த மாணவர் திரும்பி வந்தார், பட்டம் பெற்றார், இன்று ஒரு பள்ளியில் தமிழாசிரியர். சென்ற பருவத்தில் துறைக்கு வந்து ஒரு தொகையைக் கொடுத்து, எவருக்கு என்று கேளாமல் சென்றார். கணக்கேட்டில் அதனை வழக்கம்போல் எழுதினோம்: தேதி, தொகை, வரவு. அப்பணம் பதினெட்டு நாள் இருந்தது. தேர்வுக் கட்டணத்தின் இறுதி நாளன்று, மூன்றரை மணிக்கு, மூன்று மாணவர்க்காக அது செலவாயிற்று. மூன்றாமவர் வந்து சேரும்வரை தேர்வுப் பிரிவு எழுத்தர் சன்னலைச் சாத்தாமல் காத்திருந்தார்.